கதவுக்குள் குடிவந்தவர்கள்

மாப்பிள்ளையை விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்கள் பதற வேண்டாம். மாப்பிள்ளை என்பது இந்த வீட்டுப் பிக்அப் வண்டி. வந்த நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கெஞ்ச வேண்டும், தட்டிக்கொடுக்க வேண்டும், சில நாள் குடும்பமே பின்னால் நின்று தள்ள வேண்டும். இத்தனை மரியாதை செய்தாலும் எந்த நேரத்தில் கோபித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

போன வாரம் அது கோபித்துக்கொண்ட இடம் நெடுஞ்சாலை. பின்னால் வண்டி நிறையத் தேன்பெட்டிகள், மேலே உச்சி வெயில். அப்பா வண்டிக்கு அடியில் புகுந்து எதையோ முறுக்கி, எதையோ கட்டி, ஒரு வழியாகக் கிளப்பிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் மகள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"ஒண்ணு இந்த வீட்ல இந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"நீயே இரும்மா" என்று அம்மா உடனே சொல்லிவிட்டாள். அப்பாதான் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

மகள் லேசுப்பட்டவள் இல்லை. தேன் எடுப்பது, பாட்டிலில் அடைப்பது, கடைகளுக்கு அனுப்புவது, போனில் சண்டை போடுவது எல்லாம் இப்போது அவள் கையில். அப்பா அவளை "மேனேஜரம்மா" என்றுதான் கூப்பிடுவார். மேனேஜரம்மா புது வண்டிக்குச் சொல்லிவிட்டாள், நாளை வருகிறது. பழையதைப் பார்க்க இன்று ஒரு பேக்கரிக்காரர் வருகிறார்.

இனி இன்றைய கதை.

காலையில் அம்மா டீயோடு வாசலுக்கு வந்தபோது அப்பா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓடவில்லை. அவர் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க பயணம்?"

"எங்கயும் இல்ல. ஆமா, இது என்ன இன்னைக்கு இவ்வளவு பளபளன்னு இருக்கு?"

"விக்கிற சாமான் பளபளன்னுதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மா டீயை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

உண்மைதான், வண்டி மினுமினுத்தது. சக்கரத்துக்கு மேலே சருகு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்த தகரம்கூட அன்று தேன் நிறத்தில் ஜொலித்தது. மற்றபடி துரு இருந்த இடத்தில் அப்படியேதான் இருந்தது. உள்ளே கால் வைக்கும் இடத்தில் ஒரு பலகை போட்டிருக்கும். அதைத் தூக்கினால் ரோடு தெரியும். ஓட்டுபவருக்கு அடுத்த பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை இரண்டு மூன்று தேனீக்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. தேன் வீட்டில் இதையெல்லாம் யார் கவனிப்பார்கள்?

"புது வண்டி பட்டனை அமுக்கினா கெளம்பிடுமாமே?" என்றார் அப்பா.

"ஆமா. அவதான் சொன்னாளே."

"யார் அமுக்கினாலும்?"

"யார் அமுக்கினாலும்தான். பட்டனுக்கு ஆள் தெரியுமா?"

அப்பா ஏற்கெனவே ஆறிப்போன டீயை ஊதினார்.

அவர் மனசில் இருந்ததை மறைப்பானேன்? வியாபாரம் மகளிடம் போய்விட்டது, அதில் அவருக்கு வருத்தம் இல்லை. பெட்டியைத் திறந்து தேனடைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் அதன் அறைக்குள் முட்டை இருக்கிறதா இல்லையா என்று கண்ணாடி போட்டும் அவருக்கு இப்போது தெரிவதில்லை. மகளுக்குத் தூரத்திலிருந்தே தெரிகிறது. அவரிடம் மிச்சம் இருந்தது இந்த வண்டி ஒன்றுதான். இதைக் கிளப்ப ஆக்ஸிலேட்டரை இரண்டு மிதி மிதித்து, சாவியைத் திருப்பி, டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டி, "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்ல வேண்டும். அது அவர் சொன்னால்தான் வரும். நாளையிலிருந்து மகள் பட்டனை அமுக்குவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். பிறகு ஒரு நாள், "நீங்க எதுக்குப்பா அலையறீங்க, வீட்ல இருங்க" என்பாள். அன்போடுதான் சொல்வாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பேக்கரிக்காரர் வரும்போது வெயில் ஏறிவிட்டது. உருண்டையான, சிரித்த முகம். அடுப்படியிலிருந்து நேராக வந்திருப்பார் போல, புருவத்தில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

"பாடி எப்படிண்ணே?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைத் தடவப் போனார்.

"அங்க கை வைக்காதீங்க, உள்ள போயிடும்" என்றார் அப்பா.

மகள் இருமினாள். "அப்பா என்ன சொல்றாருன்னா, அந்த எடத்துல கொஞ்சம் டிங்கரிங் வேலை இருக்கு."

"டிங்கரிங் பண்ணத் தகரம் வேணாமா? அங்க பெயின்ட் மட்டும்தான் நிக்குது."

"பிரேக் பிடிக்குமாண்ணே?"

"பிடிக்கும். கொஞ்சம் முன்கூட்டியே சொல்லணும்."

மகள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு எந்தச் சரக்கை விற்க முடியும்? ஆனால் பேக்கரிக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நான் இதை ஓட்டப் போறதே இல்லண்ணே. கடை வாசல்ல நிறுத்தி, உள்ள தட்டு அடிச்சு, பன்னும் பிஸ்கட்டும் வச்சு விக்கப் போறேன். இந்த மூஞ்சி புது வண்டிக்கு வருமா? ஒரு தடவை ஒக்காந்து பாத்துக்கட்டுமா?"

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். ஹாரனை அடித்துப் பார்த்தார். ஹாரன் மட்டும் புத்தம் புதுசு போலக் கத்தியது.

அப்போதுதான் வேலிப் பக்கமிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. தூரத்தில் மோட்டார் ஓடுவது போல. அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். இந்த வீட்டில் தூக்கத்திலும் தெரியும் சத்தம் அது. ஏதோ ஒரு கூட்டிலிருந்து பாதிக் குடும்பம் பிரிந்து, ராணியையும் கூட்டிக்கொண்டு, புது வீட்டுக்குக் கிளம்பிவிட்டது.

கூரைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அத்தனையும் மாப்பிள்ளையின் மேல் இறங்கின. அடுத்த பக்கக் கதவு கண்ணெதிரே கறுத்துவிட்டது. பிறகு அந்தப் பொத்தான் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாக உள்ளே போக ஆரம்பித்தன. முன்பே வந்து வீடு பார்த்து, பிடித்துப்போய், பேசி முடித்தவர்கள் மாதிரி ஒரு தயக்கமும் இல்லை.

வண்டிக்குள் பேக்கரிக்காரர்.

"அண்ணே!"

"பயப்படாதீங்க. வீடு மாறுற அன்னைக்கு அதுங்க யாரையும் கொட்டாது. வயிறு நெறயத் தேன் குடிச்சிட்டு சந்தோஷமா இருக்கும்."

"நான் சந்தோஷமா இல்லண்ணே! இந்தக் கதவு தொறக்க மாட்டேங்குது!"

"அது உள்ளேருந்து தொறக்காது. சொல்ல மறந்துட்டேன்."

அப்பா நிதானமாகச் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டார். பேக்கரிக்காரர் உருண்டு இறங்கினார். தேனீக்களும் சொன்ன சொல்லைக் கிட்டத்தட்டக் காப்பாற்றின. ஒன்றே ஒன்று மட்டும் அவர் காது மடலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது. அம்மா அவரை வராந்தாவில் உட்காரவைத்து ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

மகள் வண்டியின் பக்கத்திலேயே நின்றாள். சக்கரத்துக்கு மேலே பளபளத்த தகரத்தில் ஒரு விரலை வைத்துத் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அப்பா. இது மெழுகு. பழைய கறுப்புத் தேனடையை உருக்கின மெழுகு."

அந்த மெழுகைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். காலிப் பெட்டிக்குத் தேனீயை வரவழைக்க வேண்டுமானால் இவர்கள் தடவுவதே அதைத்தான். இருட்டான அறை, சின்ன வாசல், உள்ளே பழைய அடை வாசனை. தேனீ வேறென்ன கேட்கும்?

"வேணும்னே பண்ணீங்க இல்ல?" மகளின் குரல் உயர்ந்தது. "வண்டியைக் குடுக்க மனசில்லன்னா நேராச் சொல்லியிருக்கலாமே! வந்த மனுஷனைப் பூச்சி விட்டுத் தொரத்தணுமா?"

அப்பா வாயைத் திறந்தார். காலையில் பார்த்த பளபளப்புக்குக் காரணம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வராந்தாவில் நின்ற அம்மாவை ஒரு முறை பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"தப்புதாம்மா" என்றார்.

அதற்கு மேல் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. ஐஸ் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அவர் என்ன தப்பு பண்ணாரு? தடவினது நான். துரு தெரியக் கூடாதுன்னு விடியக்காலையில எந்திரிச்சு, கைக்குக் கெடச்ச மெழுகை உருக்கி, கதவு ஓட்டை வரைக்கும் தேச்சேன். நல்ல மாதிரியா போகட்டுமேன்னுதான்டி. கல்யாணம் ஆன நாள்லேருந்து தேனீயோடதான் குடித்தனம் நடத்தறேன். அந்த மெழுகுக்குத் தேனீ வரும்னு தோணவே இல்ல பாரு! வண்டி நெனப்புல பூச்சி நெனப்பு போயிடுச்சு."

"அந்த வாசனைகூடவா யாருக்கும் தெரியல?" என்று வராந்தாவிலிருந்து பேக்கரிக்காரர் கேட்டார்.

"இந்த வீட்ல எதுலதான் அந்த வாசனை இல்ல?" என்றார் அப்பா. "என் தலகாணியே அப்படித்தான் இருக்கும்."

முதலில் சிரித்தது அம்மாதான். அடக்கப் பார்த்து முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மகளுக்குக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. வீங்கிய காதோடு பேக்கரிக்காரரும் சேர்ந்துகொண்டார். கதவுக்குள் குடிவந்தவர்கள் மட்டும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிரித்து முடித்தாலும் வேலை பாக்கி நிற்கிறது. இன்றே எடுக்காவிட்டால் அவை உள்ளே அடை கட்ட ஆரம்பித்துவிடும். கதவின் உட்பக்கத் தகரத்தைக் கழற்றலாம் என்றால் திருகாணிகள் எல்லாம் துருவோடு துருவாகி, எது திருகாணி எது கதவு என்று தெரியவில்லை. அப்பா தகரம் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். மகள் புகை போடும் டப்பாவோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். தேனீ வேலையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

"சாரிப்பா."

"விடு."

கத்தரி கர் கர் என்று நகர்ந்தது.

"நம்ம பெட்டியில எதுப்பா பிரிஞ்சது?"

"ராணியைப் பாத்தாத் தெரிஞ்சிடும். வெள்ளைப் பொட்டு இருக்குமே."

ராணிக்குப் பொட்டு வைக்கும் கதையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் பெரியப்பா இருக்கிறார், அவருக்கும் இதே தொழில். பல வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் கூட்டம் ஒன்று பறந்துபோய்ப் பெரியப்பாவின் மரத்தில் உட்கார்ந்தது. "என் மரத்துல ஒக்காந்தா என் பூச்சி" என்றார் அவர். வார்த்தை தடித்தது. அன்றிலிருந்து அப்பா தன் ராணிகளின் முதுகில் வெள்ளை பெயின்டால் ஒரு பொட்டு வைத்தார். பெரியப்பா சிவப்பு வைத்தார். "பொட்டு யாருதோ, பூச்சி அவங்களுது. இனிமே பேச்சு இல்ல" என்று அப்பா சொன்னார். இரண்டாவது வாக்கியத்தை அண்ணன் தம்பி இருவருமே இன்றுவரை அட்சரம் பிசகாமல் காப்பாற்றி வருகிறார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் அப்பா. "இதுமேல உனக்கு ஏன் இவ்வளவு கோபம்? நின்னுச்சு, சரி பண்ணிட்டு வந்துட்டோமே."

"கோபம் இல்லப்பா. பயம்." மகள் புகை டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வண்டி நின்னா நீங்க அடியில போய்ப் படுத்துக்கறீங்க. நடு ரோட்ல. உங்க கால் மட்டும்தான் வெளிய தெரியுது. பக்கத்துல ஒவ்வொரு லாரி போறப்பவும் நான் அந்தக் காலையே பாத்துக்கிட்டு நிக்கறேன். போன வாரம் அதுக்கப்புறம் ராத்திரி சாப்பாடே எறங்கல எனக்கு."

கத்தரி நின்றுவிட்டது.

"எனக்கும் பயம்தான்" என்றார் அப்பா. "அந்தப் பட்டன் வண்டியில எனக்கு என்னம்மா வேலை?"

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இது இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"என்ன வேலையா? பெட்டி ஏத்திட்டு வளைவுல எவ்வளவு மெதுவாத் திருப்பணும்னு பட்டனுக்குத் தெரியுமா? இல்ல எனக்குத்தான் தெரியுமா? பின்னாடி பெட்டி இருந்தா நான் ஸ்டியரிங் பக்கமே போக மாட்டேன்ப்பா. அதான் ரெண்டு சாவி வேணும்னு கேட்டிருக்கேன்."

"அது ஸ்பேர் சாவின்னு நெனச்சேன்."

"ஸ்பேரா? அது உங்களுது!"

அப்பா டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார்.

"சரிம்மா. குடுத்துடலாம்."

தகரம் பாதிக் கதவு அகலத்துக்குப் பிரிந்து வந்தது. உள்ளே தேனீக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கொத்தாகத் தொங்கின. வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்த பேக்கரிக்காரர் கத்தினார். "அண்ணே, அந்தப் பக்கம்தான் நான் ஜன்னல் வெட்டலாம்னு இருந்தேன்! பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க. வண்டி எனக்குத்தான்!"

அப்பா இரண்டு கையாலும் கொத்தை மெதுவாக அள்ளிக் காலிப் பெட்டியில் இறக்கினார். மகள் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினாள்.

"இதோ இருக்கா!" என்றாள். அப்புறம் இன்னும் குனிந்து பார்த்தாள்.

"என்ன? பொட்டு இல்லையா?"

"இருக்குப்பா." மகள் விரலால் காட்டினாள். "சிவப்பு."

பேக்கரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற மூவரும் அப்பாவின் கைக்கு அடியில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பாவின் கூட்டம் எங்கேயோ அக்கரையில் கிளம்பி, ஆற்றைத் தாண்டி, அம்மாவின் மெழுகு வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

"நம்ம வண்டியில ஒக்காந்தா நம்ம பூச்சின்னு சொல்லிடலாமா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"நான் சொன்ன வார்த்தை என்ன?" என்றார் அப்பா. "பொட்டு யாருதோ, பூச்சி அவங்களுது." பேக்கரிக்காரரிடம் திரும்பினார். "தம்பி, வண்டி உங்களுதுதான். ஆனா நாளைக்கு வந்து எடுத்துக்குங்க. இன்னைக்கு மாப்பிள்ளைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு."

வெயில் தாழ்ந்து, வெளியே சுற்றிய தேனீக்களும் அடங்கிய பிறகு, அப்பா பெட்டியின் வாசலை வலைத்துணியால் மூடினார். வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கம் போய், பலகை மேல் காலை வைத்து ஏறி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பிரிந்து நின்ற கதவை அம்மா கயிறு போட்டுக் கட்டினாள்.

மகள் கீழேயே நின்றாள். "அப்பா, அது நான் ஒக்கார்ற எடம்."

அப்பா ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினார். "இன்னைக்கு நீ ஓட்டு. அங்க போய் அண்ணன்கிட்ட என்ன பேசறதுன்னு நான் யோசிக்கணும்."

"நான் கூப்பிட்டா இது வராதேப்பா."

"நாளைக்கு வேற எடம் போற மாப்பிள்ளை. இன்னைக்கு யார் கூப்பிட்டாலும் வரும். கூப்பிடு."

இரண்டு மிதி. சாவி. ஒரு தட்டு. தள்ளுவதற்குத் தயாராக அம்மா பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"வாங்க மாப்பிள்ளை" என்றாள் மகள், யாருக்காவது கேட்டுவிடுமோ என்பது போல.

முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது. அதுவரை ஒரு நாளும் அப்படிக் கிளம்பியதில்லை. அம்மா கைதட்டிக்கொண்டே முன்பக்கம் ஓடி வந்தாள்.

"நீங்க வர்றீங்கன்னு அக்காகிட்ட போன்ல சொல்லிட்டேன்."

அப்பாவின் தலை ஜன்னலுக்கு வெளியே வந்தது. "எந்த அக்கா? அண்ணியா? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?"

"வாராவாரம் பேசறோம். சண்டை உங்க ரெண்டு பேருக்குத்தானே? எங்களுக்கு என்ன வந்தது?"

"பெரியப்பா என்ன சொன்னாராம்?" என்று மகள் அவசரமாகக் கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லலியாம்." அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. "எந்திரிச்சுப் போய் சட்டை மாத்திக்கிட்டு, வாசல்ல வந்து ஒக்காந்திருக்காராம்."

அப்பா தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மடியில் பெட்டி முனகியது. வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

"மெதுவாப் போம்மா" என்றார். தெருமுனை வந்ததும், "இல்ல, கொஞ்சம் வேகமாவே போ" என்றார். "மெதுவாப் போனா மனசு மாறிடுவேன்."